சோழன் கப்பலில் வட்ட ஜன்னல்

வாசுகி வரைந்த கப்பலில் ஒன்பது வட்ட ஜன்னல்கள் இருந்தன. பதினோரு வருடமாக அவை அங்கேயேதான் இருந்தன. யாரும் கவனிக்கவில்லை.

கப்பல் சோழ மன்னனுடையது. பாயில் புலி உறுமும், முகப்பில் யாளி வாயைப் பிளந்திருக்கும், அடியில் நீல அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழும். இருபத்து நான்கடி நீளக் காடாத் துணி. ஆண்டுக்கு ஒருமுறை, ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மலாய் மண்ணின் குளுவாங் நகரில், டேவான் என்று எல்லாரும் சொல்லும் சமூக மண்டபத்தில் அந்தத் துணி மேடையின் பின்னால் தொங்கும். முன்திரை விலகும், முரசு அதிரும், நானூறு பேர் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே, ஆயிரம் வருடத்துக்கு முந்தைய போர்க்கப்பலில் கண்ணாடி பதித்த ஜன்னல் எப்படி வந்தது என்று எவர் கேட்கப்போகிறார்? வரைந்த வாசுகிக்கே அது தோன்றவில்லை.

அவளுக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது. ஆயர் ஈத்தாமில், நெடுஞ்சாலையை ஒட்டிய பானைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோரு வருடமாகச் சாயம் தீட்டும் வேலை. ஆள் உயர ஜாடிகளில் டிராகன் வரைவாள். சூளைக்குள் போகும்வரை எல்லாச் சாயமும் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். வெந்து வெளியே வந்த பிறகுதான் எது நீலம், எது பச்சை என்று தெரியும். கண்ணை நம்பாமல் கையை நம்பிச் செய்யவேண்டிய வேலை.

சேர்ந்த முதல் வாரத்திலேயே தவுக்கே, அதாவது சீன முதலாளி, ஒன்று சொல்லியிருந்தார். டிராகனின் காலுக்கு நாலு நகம்தான் போட வேண்டும். ஐந்து போட்டால் அது ராஜாவின் டிராகன், சாதாரண ஜனம் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது.

"சீனாவுலதான் ராஜாவே இல்லையே தவுக்கே, அப்புறம் என்ன?" என்று வாசுகி மலாயில் கேட்டாள்.

"ராஜா போய் எண்பது வருஷம் ஆச்சு லா," என்றார் தவுக்கே. "என் கை இன்னும் நாலுதானே போடுது."

வாசுகி சிரித்துவிட்டு நாலு நகம் போட்டாள். ஒரு பெரிய கதை செத்த பிறகும் கைகளில் எப்படித் தங்கிக்கொள்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கஷ்டம். ஆனால் அன்று அவளுக்கு வயது இருபத்து நாலு. அவளுக்கு அது வேலைக்கான ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

கப்பல் அவளிடம் வந்தது கமலநாதன் மூலமாக. அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், குளுவாங் நாடக மன்றத்தின் தலைவர், செயலாளர், கதாசிரியர், இயக்குநர் எல்லாம் அவரே. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் பூச்செடிக்குத் தொட்டி வாங்க வந்தவர், வாசுகியின் மேசைக்கு முன்னால் நின்றுவிட்டார். டிராகனை அவர் பார்க்கவில்லை. டிராகனின் வயிற்றுக்குக் கீழே சுருண்டு எழும் அலைகளைத்தான் பார்த்தார்.

"கடல் உங்களுக்கு நல்லா வருதேம்மா. கப்பல் வருமா?"

"வரும் சார்," என்றாள் வாசுகி. வாழ்க்கையில் அதுவரை அவள் ஒரு படகுகூட வரைந்ததில்லை.

"நம்ம கப்பல். நாகப்பட்டினத்துல இருந்து கிளம்பி கடாரத்துக்கு வருது. பாக்கிறவன் நெஞ்சு அப்படியே நிமிரணும்."

வீட்டுக்குப் போன வாசுகி, தனக்குத் தெரிந்த ஒரே நிபுணரிடம் கேட்டாள். அவளுடைய அம்மா அங்கம்மா. ஆறு வயதில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில், கப்பலேறி வந்தவர்.

"அம்மா, நாகப்பட்டினத்துக் கப்பல் எப்படி இருக்கும்?"

"பெருசா இருக்கும். வரிசையா வட்டக் கண்ணாடி ஜன்னல் இருக்கும்," என்றார் அங்கம்மா, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே. "எங்கப்பா தெனம் காலையில என்னைத் தோள்ல தூக்கி வெச்சுக் காட்டுவாரு. முன்னால இருந்து மூணாவது ஜன்னல். வட்டமா கடல் தெரியும். அலை வந்து அறைஞ்சா கண்ணாடி பச்சையாயிடும். நான் கத்துவேன். எங்கப்பா சிரிப்பாரு."

அவ்வளவுதான் நடந்தது. இரண்டு கப்பல்களும் ஒரே துறையிலிருந்து கிளம்பின, இரண்டும் ஒரே கடலைக் கடந்தன. ஒன்றில் மன்னன் வந்தான், மற்றதில் ஐயாசாமி என்ற கூலிக்காரர் மனைவியோடும் மகளோடும் காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்தார். நடுவில் தொள்ளாயிரத்துச் சொச்சம் வருடம் இருந்தது வாசுகிக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவள் கையில் தூரிகை இருந்தபோது, அந்தக் கைக்குத் தெரிந்த கப்பல் ஒன்றே ஒன்றுதான். புலிக்கொடிக்குக் கீழே ஒன்பது வட்ட ஜன்னல்களை வரிசையாகப் போட்டாள். ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சாயத்தால் பிறை மாதிரி ஒரு கீற்று, கண்ணாடி பளபளப்பதற்கு. ஜாடிகளில் பழகிய கை அல்லவா, கண்ணாடி தத்ரூபமாக வந்தது.

முதல் வருடம் அவள் மேடைக்குப் பக்கவாட்டில் நின்று பார்த்தாள்.

அதற்குமுன் ஒன்றைச் சொல்ல வேண்டும். வாசுகி இடைநிலைப் பள்ளியில் முதல் வருடம் படித்தபோது, சரித்திர வகுப்பில் ஒரு மாணவி திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "உங்க ஆளுங்க எதுல வந்தாங்க?" கப்பலில் என்றாள் வாசுகி. "சீட்டு வாங்கியா, இல்ல மூட்டையோட மூட்டையாவா?" வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரிய கொடுமை எதுவும் இல்லை. பிள்ளைகள் பேசுகிற பேச்சு. ஆனால் அதன்பிறகு பள்ளி முடியும்வரை வாசுகி எந்த வகுப்பிலும் கை உயர்த்தவில்லை.

முரசு அதிர்ந்து, திரை விலகி, அவள் கப்பல் வெளிச்சத்தில் தெரிந்தபோது ஜனங்கள் எழுந்தார்கள். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்கள், தொழிற்சாலையில் இரவும் பகலுமாக முறைவேலை பார்க்கிறவர்கள், கடைகளில் நிற்கிறவர்கள், இவர்களெல்லாம் ஒரு கணம் கப்பல் வைத்திருந்த ஜனங்களாகிவிட்டார்கள். வாசுகி அழுதாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

நாடகம் சுமாரானது. அதை மறைப்பதில் பயனில்லை. கமலநாதனின் வசனங்கள் நீளமானவை, மன்னர் பாதியில் மூச்சு வாங்குவார். கதையிலும் கேள்வி கேட்க இடம் நிறைய உண்டு. அடுத்தவன் ஊரைக் கொளுத்தியதில் என்ன பெருமை என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்வது சிரமம். முன்னோர் பெருமை என்பது கடன் வாங்கிய சட்டை மாதிரி, தோளில் சரியாக உட்காராது. இவ்வளவும் சரி. ஆனால் முப்பது வருடம் உயராத ஒரு கை அன்று தானாக உயர்ந்து கைதட்டியது. அதைச் செய்தது அந்தச் சுமாரான நாடகம்தான். வாசுகி அதை ஒருநாளும் மறக்கவில்லை. பதினோரு வருடமும் ஒரு காசு வாங்காமல் துணியைத் துவைத்து, மங்கிய இடத்தில் சாயம் ஏற்றி, புலிக்கு மீசை திருத்திக் கொடுத்தாள்.

அங்கம்மாவும் பதினோரு வருடமும் வந்தார். மன்னர் என்ன பேசுகிறார் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. திரை விலகியதும் பக்கத்து நாற்காலிக்காரரின் முழங்கையை இடித்து, "முன்னால இருந்து மூணாவது. அதுலதான் நான் பாத்தேன்," என்பார். அவர்களும் என்ன ஏதென்று புரியாமல் தலையை ஆட்டுவார்கள்.

பன்னிரண்டாவது வருடம், நாடகத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கமலநாதன் தொழிற்சாலைக்கே வந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது. கையில் போன்.

அந்த வருடம் முதல்முறையாக ஒரு படித்தவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார். ஷர்மினி, ஜோகூர் பாருவில் சரித்திர விரிவுரையாளர். பெருமையாக இருக்கட்டுமே என்று கப்பல் திரையைப் படமெடுத்து அவருக்கு அனுப்பியிருக்கிறார். பதில் வந்தது: 'அருமையான ஓவியம். ஆனால் வட்டக் கண்ணாடி ஜன்னல்கள்?' பக்கத்தில் சிரிக்கிற பொம்மை முகம் ஒன்று.

"வாசுகி, இது என்னம்மா?"

"ஜன்னல் சார்."

"ஜன்னல்னு எனக்கும் தெரியுது. ஏன் இருக்கு?"

"கப்பல்னா ஜன்னல் இருக்கும்ல சார்?"

"அலமாக்! நீராவிக் கப்பலுக்கு இருக்கும். சோழன் நீராவிக் கப்பல்லயா வந்தான்? பதினோரு வருஷம்மா! பதினோரு வருஷமா இதுக்கு முன்னாடி நின்னு நான் சரித்திரம் பேசியிருக்கேன்!"

பக்கத்து மேசையில் சோறு தின்றுகொண்டிருந்த பிரேமலா, "ராஜாவுக்குக் காத்து வர வேணாமா சார்?" என்றாள்.

"நீ சும்மா இரும்மா." கமலநாதன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "ஒரு டின் பிரவுன் பெயிண்ட் வாங்கி டேவான்ல வெச்சிருக்கேன். சனிக்கிழமை வந்து ஒன்பதையும் அழிச்சிடுங்க. பலகை மாதிரி ஆயிடணும்."

வாசுகி தூரிகையைத் தண்ணீரில் போட்டாள். அப்போதுதான், முதல்முறையாக, அந்த ஜன்னல்கள் எங்கிருந்து வந்தன என்று அவரிடம் சொன்னாள். அம்மாவைப் பற்றி, தோளில் தூக்கிய தாத்தாவைப் பற்றி, பச்சையாகிற கண்ணாடியைப் பற்றி. சொல்லச் சொல்ல அவளுக்கே அது புதிதாக இருந்தது.

கமலநாதன் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு குரலை இறக்கி, "கூலியா வந்த கதை யார் வீட்டுல இல்ல வாசுகி? எங்க வீட்டுலயும்தான் இருக்கு," என்றார். "எங்கப்பா கடைசிவரைக்கும் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, அந்தக் கிராணியைப் பாத்தா சைக்கிளை விட்டு எறங்கிடுவாரு. கிராணி ரிட்டயர் ஆனப்புறமும் எறங்குவாரு. அதைப் பாக்கறதுக்கு ஒருத்தன் டிக்கெட் எடுத்து வருவானா? வருஷத்துல ஒருநாள் மூணு மணி நேரம் தலை நிமிர்ந்து உக்காரட்டுமேன்னுதான் நான் இதைச் செய்யறேன். அதுலயும் சிரிப்பு வந்துடக் கூடாதும்மா. வேற யார் சிரிச்சாலும் பரவால்ல, படிச்சவங்க சிரிச்சுட்டா அப்புறம் நம்ம ஆளுங்களே சிரிப்பாங்க."

இதில் தவறென்று சொல்ல வாசுகியிடம் எதுவும் இல்லை. சிரிப்பு என்ன செய்யும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"சரி சார். அழிச்சிடறேன்," என்றாள்.

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அங்கம்மா முந்திக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமைக்கு அரக்குச் சேலையை எடுத்து வெச்சுட்டேன். போன வருஷம் ஒருத்தி இவ்வளவு பெரிய கொண்டையோட எனக்கு முன்னால உக்காந்து என் ஜன்னலை மறைச்சுட்டா. இந்த வருஷம் முதல் வரிசையில எடம் போடச் சொல்லு உங்க சாரை. எம்பத்தோரு வயசாச்சு, அடுத்த வருஷம் இருக்கனோ இல்லையோ."

"இருப்பீங்கம்மா," என்றாள் வாசுகி. ஜன்னல் பேச்சை எடுக்காமல் சமையலறைக்குப் போனாள்.

சனிக்கிழமை காலை டேவான் தரையின் பூப்பந்தாட்டக் கோடுகளுக்கு மேலே துணியை விரித்துப்போட்டாள். மேடையில் சுகுமாறன் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு வருடமாக அவன்தான் மன்னர். சிங்கப்பூரில் பேருந்து ஓட்டுகிறான். இரவுப் பணி முடித்து நேராக வந்ததால், இடுப்புக்குக் கீழே சீருடைக் காற்சட்டை, தலையில் தங்கக் காகிதம் ஒட்டிய கிரீடம்.

"கடலே, வழி விடு! கடாரம் நோக்கிச் செல்கிறது என் கலம்!" என்று முழங்கிவிட்டு, "அக்கா, சோழ ராஜா பாஸ்போர்ட் இல்லாம கடல் தாண்டினாரு. நான் தெனம் உட்லண்ட்ஸ் செக்பாயிண்ட்ல ரெண்டு மணி நேரம் வரிசையில நிக்கறேன். யார் கா பெரிய ஆளு?" என்றான்.

வாசுகி பின்பக்கத்து ஜன்னலிலிருந்து ஆரம்பித்தாள். ஒன்பதாவது. எட்டாவது. பிரவுன் பெயிண்ட் ஒரே பூச்சில் மூடியது, நல்ல பெயிண்ட். ஏழு, ஆறு, ஐந்து, நாலு. மூன்றாவதுக்கு வந்ததும் கை நின்றது. முதுகு வலிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து, துணியின் ஓரத்தில் நின்று பார்த்தாள்.

ஜன்னல் போன இடத்தில் கப்பலின் விலா வெறும் பலகையாக இருந்தது. இப்போது அந்தக் கப்பலில் மேலே மட்டும்தான் ஆட்கள் இருந்தார்கள். மன்னன், தளபதி, கொடி பிடிக்கிறவன். கீழே யாரும் இல்லை. பதினோரு வருடமாக ஜன்னலுக்குப் பின்னால் யாரோ இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஜன்னல் போன பிறகுதான் அது தெரிந்தது.

"தம்பி," என்று கூப்பிட்டாள். "இந்தக் கப்பலை ஓட்டறது யாரு?"

"நான்தான் கா."

"நீ மேல நின்னு வசனம் பேசற. காத்து நின்னுபோச்சுன்னா?"

சுகுமாறன் யோசித்தான். "துடுப்புப் போடுவாங்க."

"யாரு?"

"யாராச்சும். அதுக்குன்னு ஆளுங்க இருப்பாங்கல்ல."

"அவங்க எங்க இருக்காங்க?"

அவன் மேடை விளிம்புக்கு வந்து துணியைக் குனிந்து பார்த்தான். கிரீடம் சரிந்தது, பிடித்துக்கொண்டான். "இதுல இல்ல கா," என்றான். பிறகு சிரித்தான். "எங்க பஸ்ஸுலயும் அப்படித்தான். கம்பெனி பேரு அம்மாம் பெருசா எழுதியிருக்கும். ஓட்டறவன் பேரை எவன் எழுதறான்?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு மறுபடி கடலை வழிவிடச் சொல்லப் போய்விட்டான். வாசுகி மறுபடி துணியில் உட்கார்ந்தாள்.

முதலில் மிச்சமிருந்த மூன்று ஜன்னல்களிலும் கண்ணாடியின் வெள்ளைக் கீற்றை எடுத்தாள். உள்ளே கறுப்பு பூசினாள். பிரவுனால் மூடிய ஆறையும், காய்ந்தவற்றின் மேலேயே, கறுப்பு வட்டங்களாகத் திரும்பத் திறந்தாள். ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் ஒரு நீளத் துடுப்பை அலைவரை இறக்கினாள். எட்டுத் துடுப்புகள். மூன்றாவது வட்டத்தில் மட்டும் துடுப்பு போடவில்லை. அங்கே ஒரு முகம் வரைந்தாள்.

டிராகனைத் தவிர அவள் முகம் வரைந்து பழகியதில்லை; மேலே நிற்கும் மன்னனுக்கும் கிரீடமும் மீசையும்தான் போட்டிருந்தாள். அம்மாவின் சின்ன வயதுப் படம் என்று ஒன்றும் வீட்டில் கிடையாது. எண்பத்தோரு வயது முகத்திலிருந்து சுருக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கன்னம் வந்தது, நெற்றி வந்தது, மூக்கு மட்டும் சொன்னபடி கேட்கவில்லை, பெரிதாகவே நின்றது. கண்ணில் டிராகனின் சாயல் கொஞ்சம் ஏறிவிட்டது. இருந்தாலும் பார்த்தால் தெரியும், ஆறு வயதுப் பெண்ணொருத்தி வாயைத் திறந்து அலையைப் பார்த்துக் கத்துகிறாள்.

இதை ஒரு பெரிய எதிர்ப்பு என்று யாராவது எழுதினால் வாசுகிக்குச் சிரிப்பு வரும். சோழனோடு அவளுக்குச் சண்டை ஏதும் இல்லை. புலியின் மீசையை அன்றும் திருத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். அந்தக் கப்பலில் தன் வீட்டு ஆளுக்கும் ஒரு இடம் வேண்டும் என்று நினைத்தாள், அவ்வளவே. ஆனால் பெரிய கதைகளைக் கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள் என்று தோன்றுகிறது. கதையை வெறுப்பவர்கள் அதை விட்டுப் போய்விடுகிறார்கள். நேசிப்பவர்கள்தான் உள்ளே இடம் கேட்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஏணி போட்டுத் துணியைக் கட்டினார்கள். நாலு மணிக்கு நிகழ்ச்சி. கமலநாதன் சந்தன நிற ஜிப்பாவில், மண்டபத்தின் பின்னால் நின்று பார்த்தார்.

"துடுப்பா!" என்றார். "அழிக்கத்தானே சொன்னேன்?"

"ஓட்டை இல்லாம துடுப்பு எப்படி சார் வெளிய வரும்?"

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "அதுவும் சரிதான். சரித்திரப்படி சரிதான். நல்லா இருக்கும்மா, கப்பலுக்கே ஒரு வேகம் வந்திருக்கு." சொல்லிக்கொண்டே மேடையை நோக்கி நடந்தார். பாதி வழியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அது யாரு?"

"எங்கம்மா சார்."

கமலநாதன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் வாசுகிக்கு எளிதாக இருந்திருக்கும்.

"போருக்குப் போற கப்பல் வாசுகி. சின்னப் பொண்ணு எதுக்கு?"

"துடுப்புப் போடறவரோட மகளா இருக்கட்டுமே சார்."

"படையெடுப்புக்கு எவனாச்சும் பிள்ளையைத் தூக்கிட்டு வருவானா?"

"வேற எங்க சார் விட்டுட்டு வருவாரு?"

கமலநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. ஷர்மினி வாசலில் காரை நிறுத்துகிறார் என்று யாரோ வந்து சொன்னார்கள். கமலநாதன் மேடையின் பக்கத்து அறைக்குப் போய், பிரவுன் டின்னையும் ஒரு தூரிகையையும் எடுத்துவந்தார். வாசுகியின் முகத்தைப் பார்க்காமல் ஏணியில் ஏறினார். முழு அலங்காரத்தில் இருந்த சுகுமாறன் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

மூன்றாவது வட்டம் அவர் முகத்துக்கு நேராக இருந்தது. தூரிகையை டின்னில் நனைத்தார். அந்தப் பெண்ணும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தூரிகையிலிருந்து ஒரு சொட்டு ஏணிப் படியில் விழுந்தது. வாசுகி இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று இறுக்கிக்கொண்டு கீழே நின்றாள். தடுக்க அவளுக்கு உரிமை இல்லை. கதை அவருடையது, மேடை அவருடையது, பெயிண்டும் அவர் காசு.

"சார், கிரீடம் நழுவுது. சீக்கிரம்," என்றான் மன்னர்.

கமலநாதன் இறங்கிவந்தார். டின்னை மூடினார்.

"இப்ப பூசினா காயாது," என்றார். "லைட் பட்டா ஈரம் பளபளன்னு காட்டிக் கொடுத்துடும். விட்டுடுவோம், வேற வழியில்ல."

அந்தப் பெயிண்ட் காய அரை மணி நேரம் போதும். கப்பல் தெரியும் காட்சிக்கு முன்னால் கடவுள் வாழ்த்து, வரவேற்பு நடனம், தலைவர் உரை என்று ஒன்றரை மணி நேரம் இருந்தது. தலைவர் உரையே முக்கால் மணி நேரம், அதைப் பேசப்போகிறவரே அவர்தான். முப்பத்தோரு வருடம் சாயத்தோடு பழகிய ஒருத்தியிடம் அவர் அதைச் சொன்னார். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"ஆமா சார். காயாது," என்றாள் வாசுகி.

ஒரு மனிதரைப் புகழ்வதற்கு பன்னிரண்டு வருடமாக அவர் போட்ட நாடகத்தைவிட இந்த ஒரு பொய் வலுவான காரணம். தன் வாழ்நாள் வேலையில் இன்னொருவர் வைத்த ஒரு கேள்வியை அழிக்காமல் இறங்கிவருவது சின்ன விஷயம் அல்ல. அதையும் பெருந்தன்மை என்று காட்டிக்கொள்ளாமல், பெயிண்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு இறங்கிவந்தாரே, அதற்குத்தான் வாசுகி இன்றும் அவருக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

திரை விலகியது. முரசு அதிர்ந்தது. எப்போதும்போல ஜனங்கள் எழுந்தார்கள், எப்போதும்போல வாசுகியும் முழு மனதோடு கைதட்டினாள். சுகுமாறன் கடலை வழிவிடச் சொன்னபோது இந்த வருடமும் அவளுக்குப் புல்லரித்தது. கேள்வி கேட்ட பிறகும் அது குறையவில்லை. குறைந்துவிடுமோ என்றுதான் முந்தின நாள் முழுக்கப் பயந்திருந்தாள்.

முதல் வரிசையில் அங்கம்மா மட்டும் எழவில்லை. அரக்குச் சேலையில், கழுத்தை நீட்டிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். காட்சி முடிந்ததும் மகளைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"என் ஜன்னல்ல கண்ணாடி எங்க?"

"சோழர் காலத்துக் கப்பல்ல கண்ணாடி இல்லையாம்மா."

"அப்ப அலை உள்ள வந்துடாது?"

"வரும்போல."

அங்கம்மா மறுபடி கண்ணைச் சுருக்கினார். "அது யாரு? நானா?"

"நீங்கதாம்மா."

"மூக்கை இப்படியா வரைவ? பூசணிக்கா மாதிரி." திரும்பவும் மேடையைப் பார்த்தார். "சரி, எங்கப்பா எங்க?"

"என்னதும்மா?"

"நான் அவ்வளவு உசரத்துக்கு எட்டிப் பாக்கணும்னா யாராச்சும் தூக்கிப் பிடிக்கணும்ல. எங்கப்பா எங்க?"

வாசுகி மேடையைத் திரும்பிப் பார்த்தாள். "உள்ள இருக்காரும்மா," என்றாள். "கீழ. தெரியல, ஆனா இருக்காரு."

"ம்," என்றார் அங்கம்மா. அதற்குமேல் புகார் சொல்லவில்லை.

நிகழ்ச்சி முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஷர்மினி மேடைக்கு அருகே போய் மூன்றாவது வட்டத்தைப் போனில் படமெடுப்பதை வாசுகி பார்த்தாள். பக்கத்தில் கமலநாதன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இந்தப் பொண்ணு யாரு சார்?" என்று ஷர்மினி கேட்டார்.

வாசுகி கையிலிருந்த கோப்பையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"துடுப்புக்காரரோட மகள்," என்றார் கமலநாதன், அந்தப் பெண் முதல் வருடத்திலிருந்தே தன் நாடகத்தில் இருந்தவள் மாதிரி.

அதன்பிறகு இரண்டு மாதம் அவரிடமிருந்து பேச்சே இல்லை. வழக்கமாக நாடகம் முடிந்த வாரமே துணியை மடித்து வைத்தாயிற்றா என்று கேட்பவர். வருத்தமோ என்று வாசுகி நினைத்தாள். ஆகஸ்டு கடைசியில் ஒருநாள், ஜாடியொன்றில் டிராகனுக்கு மூன்றாவது நகத்தைப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"வாசுகி, அடுத்த வருஷத்துக்கு எழுதிட்டிருக்கேன். கப்பலுக்கு அடியில ஒரு காட்சி வருது. துடுப்புக்காரருக்கு ஒரு பேரு வேணும். உங்க தாத்தா பேரு என்ன?"

வாசுகி தூரிகையைக் கீழே வைத்தாள்.

"ஐயாசாமி, சார்."

எதிர்முனையில் பேனா எழுதும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

"சோழர் காலத்துப் பேரு மாதிரி இல்லையேம்மா."

"அப்ப வேற வெச்சுக்கங்க சார்."

 பேனா மறுபடி எழுதும் சத்தம் கேட்டது.

"வேணாம்," என்றார் கமலநாதன். "இருக்கட்டும்."